படங்களை நாங்கள் அழிக்கவில்லை: ஃபோல்டர் மாற்றம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி உங்களில் பலருக்கும் வந்திருக்கும். உங்கள் செயலிகளை ஓட்டும் எங்கள் சர்வரில் இடம் காலி பண்ணுவதற்காக ஒரு பள்ளியின் மாணவர் படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் நாங்கள் அழித்துவிட்டோமாம். ஆரம்பத்திலிருந்து எங்களோடு இருப்பவர்களே "உண்மையா சார்?" என்று போன் பண்ணிக் கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அதனால் நடந்ததை முழுசாகவே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செயலிகள் எல்லாமே டாம்கேட் என்ற, ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருளில்தான் ஓடுகின்றன. வார் ஃபைலை (செயலி முழுவதையும் கட்டி வைத்த ஒரே ஃபைல்) செயலிகளுக்கான வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டதும் டாம்கேட் அதைப் பிரித்து, அதே பெயரில் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். அப்புறம் அதே பெயரில் புது வார் ஃபைல் வந்தால், ஆட்டோடிப்ளாய் (புது ஃபைலைத் தானாகவே எடுத்து நிறுவும் வசதி) ஆனில் இருக்கும் பட்சத்தில், பழைய ஃபோல்டரை அடியோடு நீக்கிவிட்டு மறுபடி பிரிக்கும். பழைய வீட்டை இடித்து அதே மனையில் புதுசு கட்டுகிற மாதிரிதான், பரணில் இருப்பதை முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்காவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். இது எங்கள் சர்வரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை, டாம்கேட்டின் இயல்பே அதுதான்.

அந்தப் பள்ளியின் செயலி கெட்ரியல்பாத் என்ற ஜாவா கட்டளை வழியாகத் தன் இடத்தைக் கண்டுபிடித்து, பிரித்த ஃபோல்டருக்கு உள்ளேயே அப்லோட்ஸ் என்று ஒன்றை வைத்து எல்லாப் படங்களையும் அங்கே எழுதிக்கொண்டிருந்தது. கட்டண ரசீதில் ஏதோ திருத்தம் செய்து, புது வார் ஃபைலை அவர்களுடைய புரோகிராமரே எஃப்டிபியில் ஏற்றினார். டாம்கேட் தான் செய்வதை எழுதிவைக்கும் கேட்டலினா லாகில் அந்த நிமிடத்தில் 'அன்டிப்ளாயிங் கான்டெக்ஸ்ட்' (பழைய செயலியை நீக்குகிறேன்) என்று ஒரு வரி இருக்கிறது, அதை ஒட்டியே புதுசை நிறுவிய (டிப்ளாய்) வரி. ஃபோல்டரைத் திறந்தால் வார் ஃபைலோடு வந்த வெப்-இன்ஃப், மெட்டா-இன்ஃப், சிஎஸ்எஸ் எல்லாம் புதுத் தேதியோடு இருக்கின்றன, அப்லோட்ஸ் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அந்த சர்வரில் லாகின் ஆகவில்லை. லாகை அப்படியே அவர்களுக்கு அனுப்பினோம், ஆனால் குழுக்களில் அதை யாரும் பகிரவில்லை என்பதுதான் வருத்தம். முந்தின இரவு பேக்கப்பிலிருந்து படங்களை எடுத்துக் கொடுத்துவிட்டோம், அன்று பகலில் ஏற்றியவை தவிர.

சரி, இனி இது யாருக்கும் நடக்கக் கூடாது. டாம்கேட் 8.5-க்கான ஆதரவு 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டதால் மிச்சமிருக்கும் சர்வர்களை எப்படியும் 9-க்கு மாற்ற வேண்டும். (10-க்கு இப்போது போகவில்லை. அதில் செயலிகள் பயன்படுத்தும் ஜாவாக்ஸ் பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன, உங்கள் புரோகிராம் கோடு எல்லாவற்றையும் தொட வேண்டிவரும்.) மாற்றும்போதே ஃபோல்டர்களையும் ஒழுங்குபண்ணிவிடுகிறோம். டாம்கேட் மென்பொருள் ஒரே இடத்தில் இருக்கும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி கேட்டலினா பேஸ், அதாவது அவரவர் ஃபைல்களுக்கான தனி இடம். கான்ஃப் (அமைப்புகள்), லாக்ஸ், வெப்ஆப்ஸ் மூன்றும் உங்களுக்கே உங்களுக்கு, பக்கத்துக்காரரின் செயலி விழுந்தால் உங்களுடையதும் சேர்ந்து ரீஸ்டார்ட் ஆகாது. அப்லோட்ஸ் ஃபோல்டர் வெப்ஆப்ஸுக்கு வெளியே போய்விடும். செயலியின் அமைப்புகள் இருக்கும் கான்டெக்ஸ்ட் ஃபைலில் ப்ரீரிசோர்சஸ் (வெளி ஃபோல்டரைச் செயலிக்குள் காட்டும் அமைப்பு) சேர்த்து அதை இணைத்துவிடுவோம், எனவே படங்களின் முகவரி மாறாது. ஆனால் எழுதும் பாதையை மட்டும் உங்கள் புரோகிராமர் கோடில் மாற்றித்தான் ஆக வேண்டும், அதை எங்களால் வெளியிலிருந்து செய்ய முடியாது.

அவரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். டாக்பேஸை (செயலி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லும் அமைப்பு) வெப்ஆப்ஸுக்கு உள்ளேயே இருக்கும் ஃபோல்டருக்குக் காட்டினால் டாம்கேட் அதைச் சட்டைசெய்யாது, லாகில் ஓர் எச்சரிக்கை போட்டுவிட்டுப் போய்விடும். "நான் எழுதினது வேலை செய்யவே இல்லை" என்று வரும் போன்களில் பாதி இதுதான்.

டிப்ளாய் வேலைகளைப் பார்த்துக்கொண்ட தம்பி வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார், அதனால் கொஞ்ச நாளைக்குப் பதில் தாமதமாகலாம். மாற்றும் ஞாயிறு இரவில் தளம் சில மணி நேரம் நிற்கும், மாதச் சந்தாவும் அடுத்த பில்லிலிருந்து 150 ரூபாய் கூடுகிறது.

குழுக்களில் எங்களுக்காகப் பேசியவர்களை, நாங்கள் கேட்காமலே "அவங்க அப்படிச் செய்ற ஆளுங்க இல்ல" என்று எழுதியவர்களை மறக்க மாட்டோம். ரொம்ப நன்றி.

உங்கள் செயலி படங்களை எந்த ஃபோல்டரில் எழுதுகிறது என்று இந்த வாரத்துக்குள் ஒரு வரி அனுப்புங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே அனுப்புங்கள், நாங்களே பார்த்துச் சொல்கிறோம். அதுவரை தயவுசெய்து புது வார் ஃபைல் எதையும் ஏற்றாதீர்கள்.

அன்புடன்,
உரிமையாளர்