வட்டி ஏறினால் வீட்டுச் செலவு என்னாகும்?

ஆசிரியருக்கு,

வீட்டு விலை பற்றிய செய்திகளில் மாதத் தவணை கட்டுபவரின் கணக்கு வருவதே இல்லை. 1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயமான பாட் சரிந்து தொடங்கிய நெருக்கடி ஹாங்காங்கையும் உலுக்கியது. 2003-க்குள் அங்கே வீட்டு விலை பாதிக்கும் கீழே இறங்கியது. வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகிப்போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

சென்னையில் அடி வட்டி வழியாக வந்தது. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது தரும் கடனின் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. அதோடு வீட்டுக் கடன் வட்டியும் ஏறியது. 30 லட்சம் ரூபாய்க் கடன், 20 ஆண்டு, 7 சதவீத வட்டி என்றால் தவணை ஏறக்குறைய 23,260 ரூபாய். வட்டி 9.5 ஆனால் முதல் மாத வட்டி மட்டுமே 23,750! தவணையை உயர்த்தாவிட்டால் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அந்த ஆண்டு மகளின் பாட்டு வகுப்பை நிறுத்தினோம். பருப்பைக்கூட அளந்து வாங்கினோம். இன்னும் மனம் ஆறவில்லை.

வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. எங்கள் வங்கிக் கிளையில் அந்த விவரம் தமிழில் எங்குமே இல்லை. வாசலிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், மேடவாக்கம், சென்னை