மூன்று கிலோ என்ன பெரிய விஷயமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குத்துச்சண்டைக் கட்டுரை, குறைந்த எடைப்பிரிவுகளில் இரண்டு மூன்று கிலோவுக்கு ஒரு பிரிவு வைத்திருப்பதே பதக்கங்களைக் கூட்டத்தான் என்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 48 கிலோ பெண்ணுக்கு 3 கிலோ என்பது உடம்பில் பதினாறில் ஒரு பங்கு. அதே கணக்கு 80 கிலோ ஆளுக்கு 5 கிலோ. அதனால்தான் மேலே போகப் போக இடைவெளி கூடுகிறது. தொழில்முறைப் போட்டியில் ஒவ்வொரு பிரிவுக்கும் உச்ச எடை இப்படி: மினிமம்வெயிட் 105 பவுண்டு (ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு), லைட் ஃபிளைவெயிட் 108, ஃபிளைவெயிட் 112. ஆனால் லைட் ஹெவிவெயிட்டைத் தாண்டி குரூசர்வெயிட்டுக்குப் போனால் 175-லிருந்து நேரே 200.

மேரி கோம் உலகப் பட்டங்களை வென்றது 45, 46, 48 கிலோ பிரிவுகளில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த மிகக் குறைந்த பிரிவே 51. வேறு வழியில்லாமல் ஏறி ஆடினார். அரையிறுதியில் நிக்கோலா ஆடம்சிடம் தோற்று வெண்கலம். குத்துச்சண்டை வீரர் அமித் பங்கால் கதையும் ஏறக்குறைய இதுதான். 2018 ஆசிய விளையாட்டில் 49 கிலோவில் தங்கம் வாங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள், 52-க்குப் போக வேண்டியதாயிற்று.

நாகர்கோவிலில் என் தங்கை மகள் பயிற்சிக்குப் போகிறாள். போட்டிக்கு முந்தின நாள் வீட்டில் மரச்சீனியும் சாளைக் குழம்பும் இருக்க, அவள் வேர்த்து எடை குறைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர், துப்புவதற்கு. தண்ணீர் ஒரு மடக்கு குடிக்கவில்லை. கேட்டால், "48-ல நின்னாதான் மாமா என் கை எட்டும். 51-ல எல்லாரும் என்னவிட உயரம்" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

தொழில்முறை வீரருக்கு முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். விட்ட தண்ணீரைக் குடித்துத் தேற ஒரு ராத்திரி கிடைக்கும். மாவட்டப் போட்டி போன்ற அமெச்சூர் போட்டியில் ஆடும் நாள் காலையில்தான் தராசு. வற்றிய உடம்போடு தலையில் குத்து வாங்குவது விளையாட்டில்லை. வளர்கிற பிள்ளை அடுத்த பிரிவுக்கு ஏறட்டும், பயிற்சியாளர்களே. ஒரு வருடம் தோற்றால்தான் என்ன?

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டப் போட்டி முடிவுகளில் வெறும் 'ஃபிளைவெயிட்', 'பாண்டம்வெயிட்' என்று போடாமல் பக்கத்திலேயே கிலோவையும் போடுங்கள். அமெச்சூருக்கும் தொழில்முறைக்கும் அளவு வேறு, சிறுவர் பிரிவுக்கு இன்னும் வேறு. பெயரை மட்டும் பார்த்து, பிள்ளை எந்த எடையில் ஆடினாள் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்