பட்டியலில் உன் பெயர் இல்லை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனைப் படக்கென்று வைத்துவிட்டாய், திரும்பக் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை, சரி, எழுதியாவது சொல்வோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாட்ஸாப்பில்தான் அனுப்புவேன். காலமெல்லாம் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவள் என்பதற்காக இன்லேண்டு லெட்டர் தேடிப் போகவில்லை.

ஆமாம், நான்தான் சொன்னேன். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக வீடு வீடாக பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி அலுவலர், என்று வந்தது நம் அங்கன்வாடி டீச்சர்தான். உன் போட்டோவும் பெயரும் அச்சடித்த படிவம் இரண்டு பிரதி கையில் வைத்துக்கொண்டு ‘தம்பி இங்கதான் இருக்காங்களாம்மா’ என்று கேட்டார். இல்லை, பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான், பொங்கலுக்கு வருவான் என்று உள்ளதைச் சொன்னேன். இப்போது வரைவுப் பட்டியலில் உன் பெயர் இல்லை, குடிபெயர்ந்தவன் என்று போட்டுவிட்டார்கள். ‘பெத்த அம்மாவே காட்டிக்கொடுத்துட்டியே’ என்று கத்துகிறாய். ஒருவன் வழக்கமாக எங்கே குடியிருக்கிறானோ அங்கேதான் ஓட்டு. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்த ஊர் வாக்காளர் ஆகிவிட முடியாது என்று 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்காக அந்த டீச்சர் பொய் எழுதி வேலையை இழக்க வேண்டுமா? படிவம் 6 வாங்கி அங்கே பெயரைச் சேர்த்துக்கொள், உன் தெருவில் குப்பை அள்ளவில்லை என்று என்னிடம் புலம்புகிறாயே, அந்த ஊர் எம்.எல்.ஏ.வைக் கேட்க உனக்கு அங்கே ஓட்டு வேண்டாமா.

நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. கோபத்தில் நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக. ‘நான் யாருன்னு நான் எதுக்கும்மா நிரூபிக்கணும், அவங்கதானே வந்து பாக்கணும்’ என்றாயே, அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சொன்னது நீதானா என்று அப்பாவும் என்னைப் பார்த்தார். இந்த மாத ஆரம்பத்தில் சஞ்சார் சாத்தி என்ற சர்க்கார் செயலி விவகாரம் வந்தபோது நீ என்ன சொன்னாய்? ‘மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்னம்மா பயம், நீ எல்லாத்துக்கும் சந்தேகப்படுவ’ என்றாய். புதுப் போன் எல்லாவற்றிலும் அந்த செயலியைப் போட்டே விற்க வேண்டும், அதற்கு 90 நாள் கெடு, ஏற்கெனவே கடைக்குப் போய்விட்ட போன்களிலும் அப்டேட் வழியாக இறக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28ஆம் தேதி மத்திய அரசு போன் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. வெளியே தெரிந்து சத்தம் கிளம்பியதும் வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளலாம் என்று மந்திரி சொன்னார், டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் இல்லை என்று வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

அந்தச் சேவை கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. என் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அதன் இணையதளத்தில்தான் பார்த்துக்கொண்டேன், போன் தொலைந்தால் முடக்கவும் முடிகிறது, நல்ல விஷயம். நானாகப் போய் எடுத்துக்கொள்வது வேறு, என்னைக் கேட்காமல் என் போனுக்குள் வந்து உட்கார்வது வேறு. இவ்வளவுதான் நான் சொன்னது. அதற்கு எனக்குத் ‘டெக்னாலஜி அலர்ஜி’ என்று பெயர் வைத்தாய். நவம்பரில் உயிர்ச் சான்றுக்கு போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபித்தவளப்பா நான். விரல் ரேகைதான் தேய்ந்துபோய் மிஷினில் விழமாட்டேன் என்கிறது, முகம் உடனே எடுத்துக்கொண்டது. படுத்த படுக்கையாக இருக்கிற பென்ஷன்காரர் வீட்டுக்கு 70 ரூபாய்க்கு தபால்காரரே வந்து முடித்துத் தருகிறார். அந்தக் காலத்தில் அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டர் முன்னால் நிறுத்துவார்கள், நான் பார்த்திருக்கிறேன். இதைத் தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால் கும்பிடுவேன்.

பட்டியலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 6 கோடியே 41 லட்சம் பேர் இருந்தது, வரைவில் 5 கோடியே 43 லட்சம் ஆகிவிட்டது. 97 லட்சத்துக்கு மேல் பெயர் போய்விட்டது, சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்களே 26 லட்சத்துக்கு மேல் என்கிறார்கள், அதை நம்புகிறேன், நம் தெருவிலேயே போய்ச் சேர்ந்த பெரியவருக்குப் போன தேர்தலில் பூத் சிலிப் வந்தது. சுத்தம் செய்ய வேண்டியதுதான். ஆனால் 2002, 2005 பட்டியலில் நீ இருந்தாயா, இல்லையென்றால் உன் அப்பா அம்மா இருந்தார்களா, எந்த பாகம், என்ன வரிசை எண் என்று கேட்டார்கள் பார், அதில் அதிகம் திண்டாடியது நம் தெருவுக்கு மருமகளாக வந்த பெண்கள். பிறந்த ஊர் ஒன்று, அந்தத் தொகுதி பெயரே மாறிவிட்டது, அப்பா பெயரைப் பட்டியலில் எப்படி எழுதியிருந்தார்களோ தெரியாது. சாயங்காலம் ஆனால் திண்ணையில் நாலு பேர் என் போனைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் பழைய பட்டியலின் பக்கங்களைத் தள்ளித் தள்ளித் தேடுவோம். ஒருத்தியின் அப்பா பெயர் கிடைத்தபோது, அவர் போய்ப் பல வருஷம், அவள் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தபோது சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையர். 17 கோடிப் பேருக்கு மேல், முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது, வீடு வீடாக ஆள் போய் எழுதினார்கள். அப்போதும் வடக்கே சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று எழுதச் சொல்லி, அதனாலேயே பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டார்கள். கணக்கெடுக்க வருகிறவர் முன்னால் பெண்பிள்ளைகள் பாடு எப்போதும் இப்படித்தான். ஆனாலும் அன்றைக்குத் தேடிப் போக வேண்டிய பொறுப்பு சர்க்காருடையது. இப்போது நாம்தான் பழைய தாளைத் தேடிக்கொண்டு அலைகிறோம்.

உன் ஊரில் ஜூலையில் நடந்ததை நீயே வந்து சொன்னாய், நினைவிருக்கிறதா. யுபிஐயில் வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்து டீக்கடை, பேக்கரி, காய்கறிக் கடை என்று ஜிஎஸ்டி நோட்டீஸ் போட்டார்கள். பொருள் விற்பவருக்கு வருஷம் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரம்பு, சரி, சட்டம்தான். ஆனால் தங்கச்சி கல்யாணத்துக்கு மச்சான் அனுப்பிய பணமும் அதே கணக்கில்தானே வந்து விழும்? எது வியாபாரம், எது கைமாற்று என்று அந்தக் கடைக்காரன்தான் விளக்க வேண்டும். வரியே இல்லாத காய்கறியை விற்ற ஒருவருக்கு 29 லட்சத்துக்கு நோட்டீஸ் என்று பேப்பரில் வந்தது. உடனே கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள், நீ சில்லறை இல்லாமல் அலைந்தாய். கடைசியில் முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்றார். அந்த வியாபாரிகள் யாரும் மறைக்கவில்லையே தம்பி. மறைக்காமல் எல்லாவற்றையும் போனில் வாங்கியதுதானே அவர்கள் செய்தது.

இன்னும் ஒரு கதை, இதை நீ மருமகளிடமும் சொல். பக்கத்துத் தெருவில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். காலையில் வீடியோ கால், எதிரே காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சக்கரம், உங்கள் ஆதாரை வைத்து யாரோ பார்சலில் போதை மருந்து அனுப்பியிருக்கிறார்கள், நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், போனை அணைக்கக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது. பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்த்த அம்மா, கட்டிலில் உட்கார்ந்து பாங்குப் புத்தகத்தை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ‘எஸ் சார், எஸ் சார்’ என்று இருந்திருக்கிறார். காஸ் சிலிண்டர் போடுகிற பையன் வந்து மணியடித்து, கதவு திறக்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ‘யாருங்க அது, எந்த ஸ்டேஷன்?’ என்று கேட்டான். அவ்வளவுதான், எதிர்ப்பக்கம் கட் ஆகிவிட்டது. சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் சொன்னார். அரியானாவில் ஒரு வயதான தம்பதியிடம் உச்ச நீதிமன்ற உத்தரவு மாதிரியே போலியாகத் தயாரித்துக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பிடுங்கிய பிறகு, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து 2025 டிசம்பர் 1ஆம் தேதி சிபிஐயிடம் ஒப்படைத்திருக்கிறது. படித்தவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று நீ ஆச்சரியப்படுவாய். எனக்கு ஆச்சரியமே இல்லை. கேஒய்சி கொடு, ஓடிபி சொல், ஆதாரை இணை, மறுபடியும் இணை, இல்லாவிட்டால் கணக்கு முடங்கும் என்று எத்தனை வருஷமாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். வாத்தியார் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி, அதிகாரக் குரலில் யார் கேட்டாலும் பதில் சொல்லிவிடுகிறோம். திருடன் அந்தப் பழக்கத்தைத்தான் திருடுகிறான். பணம் போனால் உடனே 1930க்கு போன் செய்ய வேண்டும், அந்த எண்ணை நம் வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

அந்த சிலிண்டர்ப் பையன் கேட்ட கேள்வியைத்தான் நான் எல்லாரிடமும் கேட்கச் சொல்கிறேன். மேலே இருப்பவர்களிடம் கேட்டால் என்ன நடக்கிறது என்று பார். கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க ஸ்டேட் பாங்கில் வாங்குகிற தேர்தல் பத்திரம் என்று 2018இல் கொண்டுவந்தார்கள், யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று ஓட்டுப் போடுகிற நமக்குத் தெரியாது. அந்தப் பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று இருந்தது, புற ஊதா விளக்கில் காட்டினால் தெரியும். அந்த விளக்கில் கள்ள நோட்டுப் பார்த்த எனக்கு அதைப் படித்தபோது எவ்வளவு எரிச்சல் வந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி விவரத்தைக் கேட்டால், 22,217 பத்திரத்தை ஒத்துப் பார்க்க ஜூன் 30 வரை வேண்டும் என்று பாங்க் மனுப் போட்டது! அதற்குள் தேர்தலே முடிந்துவிடும். பத்து ரூபாய்க் கீரை வாங்கினால் கடைப் பெட்டி உடனே சத்தம் போட்டுச் சொல்கிற நாடு. மார்ச் 11இல் நீதிமன்றம் மறுத்தது, மறுநாள் சாயங்காலத்துக்குள் வாங்கியவர் பட்டியலும் பணமாக்கிய கட்சிகள் பட்டியலும் வந்துவிட்டன, இரண்டையும் ஒத்துப் பார்க்கிற அந்த எண்ணை மட்டும் நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகு மார்ச் 21இல் கொடுத்தார்கள். டெல்லியை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. பாரதிய ஜனதாவுக்கு 6,000 கோடிக்கு மேல் என்றால், நம் தி.மு.க.வுக்கு 656 கோடி, அதில் 509 கோடி ஒரே லாட்டரிக் கம்பெனி கொடுத்தது. 2003இல் இருந்து லாட்டரியே தடை செய்யப்பட்ட மாநிலத்தில்! உன் அப்பாவிடம் இதைச் சொன்னால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசமாட்டார், நீ சொல்லிப் பார்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம். 2005இல் வந்தது, பத்து ரூபாயில் சர்க்காரிடம் கணக்குக் கேட்கலாம், 30 நாளில் பதில். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டபோது அதன் 44ஆம் பிரிவில் ஒரு வரி வைத்து, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பெல்லாம் அதே பிரிவிலேயே பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று இருந்தது. வேறொரு பிரிவில் அது இன்னும் இருக்கிறதே என்று மந்திரி சொல்கிறார், நீயும் அதையே சொல்வாய். இருக்கிறது, ஆனால் மறுக்க நினைக்கிற அதிகாரிக்குக் கையில் சுலபமான பதில் கிடைத்துவிட்டது, ஆபீஸில் வேலை பார்த்தவளுக்கு அது தெரியும். அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது எப்போது? இதே நவம்பரில். என் வாசலில் படிவம் நீட்டி என் அப்பா பெயரைக் கேட்ட அதே மாதத்தில், நான் திருப்பிக் கேட்கிற வாசலில் பாதிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

மீதிக் கதவு திறந்திருக்கும்போதே ஒரு மனு போட்டுவிட்டேன். நம் தெருவில் வாய்க்கால் கட்டுகிறோம் என்று தோண்டிப் போட்டார்களே, அதன் மதிப்பீடு எவ்வளவு, காண்டிராக்ட் யாருக்கு, எப்போது முடிக்க வேண்டும் என்று மூன்று கேள்வி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். பதிவுத் தபால் செப்டம்பரோடு ஸ்பீடு போஸ்டில் கலந்துவிட்டது, அந்த வருத்தத்தைத் தனியாக ஒருநாள் எழுதுகிறேன். ஜனவரியில் கெடு முடிகிறது. பதில் வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். நீ பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பை எடுத்து வா, நான் சொல்லச் சொல்ல நீ டைப் பண்ணு. மனுதாரர் பெயர் என்னுடையதாகவே இருக்கட்டும், நீதான் இந்த ஊர்ப் பட்டியலிலேயே இல்லையே.

அம்மா