வீட்டோடு அயலும் வேண்டும்

ஆசிரியருக்கு,

2006 இல் போருக்குத் தப்பித் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரை விட்டு ஓடிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிளிவெட்டி முகாமின் தகரக் கொட்டிலில் இருந்த காலம் முழுக்க, எந்த நேரமும் எழுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அம்மா ஒரு முருங்கைக் கொப்பைக்கூட ஊன்றவில்லை.

2015 இல், அரசு பிடித்து வைத்திருந்த எங்கள் காணிகள் விடுவிக்கப்பட்ட பிறகு திரும்பி வந்தோம். வளவு முழுவதும் பற்றைக்காடு. வீட்டுத்திட்டப் பணம் அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகத்தான் வந்தது. அது போதவில்லை, சரி. ஆனால் இன்று எங்கள் அத்திவாரம், நாளை பக்கத்து வீட்டுச் சுவர் என்று முறை வைத்து எல்லோரும் கல் சுமந்தோம். ஒரே கிணற்றைச் சேர்ந்து இறைத்துத் துப்புரவாக்கினோம். அம்மாவுக்கு நடுச்சாமத்தில் மூச்சு முட்டியபோது முச்சக்கரவண்டியோடு ஓடிவந்தது, அன்று எங்களோடு கல் சுமந்த பெடியன்தான். அந்த இரவில்தான் இது எங்கள் ஊர் என்று எனக்கு மறுபடி உறைத்தது.

திருகோணமலை மாவட்டத்தில் இன்னும் வீடில்லாமல் இருப்பவர்களுக்குத் திட்டம் போடும் அதிகாரிகளிடம் கேட்பது இதுதான்: ஒன்றாக இருந்த குடும்பங்களைத் திசைக்கொன்றாகப் பிரிக்காதீர்கள். பொதுக்கிணற்றுக்கும் பிள்ளைகள் விளையாடவும் கொஞ்சம் நிலம் விடுங்கள். காணிப் பத்திரத்தில் மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

அம்மா இப்போது வாசலில் முருங்கை நட்டிருக்கிறா.

வாசகி ஒருவர்,
சம்பூர்.