மல்லித் தொட்டியைத் தர மாட்டேன், அக்கா

அக்கா,

நேற்று சின்னவன் போன் செய்தான். "சித்தி, ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புறோம், அம்மாவோட தொட்டி எல்லாத்தையும் ஏத்திவிட்டுடுங்க" என்றான். அவனிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பிள்ளையிடம் வேறு என்ன பேச முடியும்? உங்களிடம் சொல்கிறேன். ரோஜா, கற்றாழை, அந்தப் பெரிய சிமெண்ட் தொட்டி, எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். குண்டுமல்லியை மட்டும் தர மாட்டேன். ராத்திரி தூங்காமல் யோசித்து எடுத்த முடிவு இது.

உங்கள் மனம் நோகும் என்று தெரியும், மன்னியுங்கள். நீங்கள் வாங்கி வந்த செடிதான், இல்லை என்று சொல்லவில்லை. வீடு, பங்கு, யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் இங்கே எடுக்க மாட்டேன். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். செடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நங்கநல்லூர் மொட்டை மாடி வெயில் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் இந்தக் கோடை வேறு மாதிரி இருந்தது. ராத்திரியிலும் தரை சூடு இறங்கவில்லை. தக்காளி பூத்தது, பூத்ததோடு சரி. ராத்திரி குளிராவிட்டால் பூ காய் பிடிக்காது என்று நீங்கள் சொல்வீர்களே, அப்படியே காம்பு மஞ்சளாகிக் கொட்டியது. வெண்டையில் மஞ்சள் நரம்பு தேமல் நோய். அதைப் பரப்புகிற வெள்ளை ஈயை விரட்ட வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடித்துப் பார்த்தேன். தேமல் வந்த செடி தேறாது. வேரோடு பிடுங்கிப் போட்டேன். போர் தண்ணீரும் உப்பேறிவிட்டது. செடிப் பைகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. புதினா அதிலேயே போய்விட்டது. இப்போது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, நாற்றுகளுக்கு மட்டும் ஊற்றுகிறேன்.

சுரைக்கொடிதான் கை கொடுத்தது. பச்சை வலைக்குக் கீழே பந்தல் போட்டு ஏற்றிவிட்டேன். மகரந்தம் சேர்க்கப் பூச்சி எதுவும் வந்த மாதிரி தெரியவில்லை. சாயங்காலம் பூ விரியும் நேரத்துக்குப் போய், ஆண்பூவைப் பறித்து, இதழை மடக்கி, அடியில் பிஞ்சு இருக்கிற பெண்பூவில் தடவிவிடுவேன். தடவாமல் விட்ட பிஞ்சு அழுகி விழுந்தது, தடவினதில் பெரும்பாலும் காய்த்தது. முதல் காய் கைக்கு வந்தபோது உங்களுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று எடுத்தும் வைத்தேன். அப்புறம் நானே பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்துவிட்டேன். நீங்கள் போன ஒரு வருஷத்தில், செடியெல்லாம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

சரி, மல்லிக்கு வருகிறேன்.

2019 ஜூன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வரப்போகிறார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த சமயம். நம் போரில் காற்றுதான் வந்தது. லாரி வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. தள்ளுமுள்ளில் என் குடம் உருண்டு பாதித் தண்ணீர் ரோட்டில் போனது, நான் அழுதே விட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் உங்கள் குடத்திலிருந்து என் குடத்தில் சாய்த்தீர்கள். மேலே ஏறி வந்ததும், காலையில் அரிசி களைந்து மூடி வைத்திருந்த தண்ணீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். மல்லி மொத்தமாகக் காய்ந்து குச்சியாக நின்றது. செல்போன் வெளிச்சத்தை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அடித்தண்டில் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினீர்கள். பட்டைக்குக் கீழே ஒரு கோடு பச்சை. "உசிர் இருக்கு" என்றீர்கள். சொம்பைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்றினீர்கள். கீழேயிருந்து அத்தை "மேல யாரு?" என்று குரல் கொடுக்க, குடிக்கவே தண்ணீர் இல்லாத நாளில் செடிக்கு ஊற்றுகிறோம் என்று தெரிந்துவிடுமே என்று இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். உங்கள் நைட்டி முழுக்க நனைந்திருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அப்படிக் காப்பாற்றியவர், போகிற அன்று மாடிக்கு வரவே இல்லை. பாத்திரம் கட்டினீர்கள், பீரோவை ஏற்றினீர்கள், சாமி படங்களைத் துணியில் சுற்றினீர்கள். ஒரு மாடி ஏறி வர நேரமில்லையா? நான் மேலேதான் இருந்தேன், அக்கா. கீழே வந்து வழியனுப்பாததற்கு என்னைக் குறை சொன்னீர்களாம். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள்.

நீங்கள் போன பிறகு மார்கழியில் அதைக் கவாத்து செய்தது நான். தொட்டியை மாற்றி, செம்மண்ணும் தொழு உரமும் போட்டது நான். இந்தக் கத்திரி வெயிலில் மற்றதெல்லாம் சுருண்டு கிடக்க, மல்லி மட்டும் வெயில் ஏற ஏற மொட்டு வைத்தது. தினமும் கை நிறையப் பறித்தேன். கட்டும்போது இன்னும் எனக்கு உங்களை மாதிரி நெருக்கமாக வரவில்லை, பூ கழன்று விழுகிறது. நீங்கள் கட்டினால் ஒரு முழத்துக்கே எவ்வளவு பூ போகும்!

உங்கள் புது வீட்டு பால்கனி வடக்குப் பார்த்தது என்று சின்னவன் சொன்னான். குண்டுமல்லிக்கு நேர் வெயில் வேண்டும், அங்கே இலைதான் விடும், பூக்காது. இதைக் காரணமாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அது மட்டும் காரணம் இல்லை. இந்த வீட்டில் நீங்கள் இருந்ததற்கு என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஒரு தாழ்ந்த கிளையைக் கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, பக்கத்துத் தொட்டி மண்ணில் வளைத்துப் புதைத்து, மேலே செங்கல் வைத்திருக்கிறேன். வேர் பிடிக்க மூன்று மாதமாவது ஆகும். புரட்டாசியில் பிரிக்கலாம். அந்தப் பதியன் உங்களுக்கு. வெயில் படுகிற மாதிரி ஜன்னல் ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆனால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். நீங்களே மாடி ஏறி வந்து, உங்கள் கையால் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி என்றால் சொல்லுங்கள், நான் இறங்கி வந்து கைபிடித்து ஏற்றுகிறேன்.