பிளாட் பாக்குற தோழிக்கு

ஹாய்டி,

உன் மெயிலுக்கு உடனே பதில் போடலன்னு திட்டாத, பொண்ணு பிளஸ் டூ, வீடே ஒரு மார்க்கமா ஓடிட்டிருக்கு. உன் மாமியாருக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல சந்தோஷம். சரி, சென்னைல பெரும்பாக்கம் பக்கம் பிளாட் பாக்குறோம், தெருவுல மழைத்தண்ணி போக பெரிய டிரெயின் (வடிகால்) கட்டியாச்சு இனிமே தண்ணி நிக்காதுன்னு பில்டரோட ஆள் சொன்னான்னு எழுதியிருந்தியே, அதுக்குத்தான் இவ்ளோ நீள லெட்டர்.

டிரெயின் வேணாம்னு சொல்லல. ஆனா அது தண்ணிய எங்க கொண்டு போய் விடுதுன்னு அந்த ஆள கேட்டியா? அந்த பக்கத்து ஏரிங்க ரொம்பி வழியுற தண்ணியெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வருது, அங்கேர்ந்து ஒக்கியம் மடுவுங்கிற ஒரு ஓடை வழியா பக்கிங்ஹாம் கால்வாய்ல விழுந்து தெக்கால போய் கோவளத்துகிட்ட கடல்ல சேருது. பத்து பேர் இருக்குற கல்யாண வீட்டுல ஒரே ஒரு பாத்ரூம் இருந்தா எப்படி, அந்த மடுவோட நிலைமை அதான். நிலமும் தட்டை, கடல் மட்டத்துக்கு கொஞ்சம்தான் மேல இருக்கு, அதனால தண்ணி மெதுவாதான் நகரும். புயல் நேரத்துல கடலும் பொங்கி நிக்கும், கால்வாயும் ரொம்பி நிக்கும், அப்ப உன் தெரு டிரெயின் எவ்ளோ அகலமா இருந்து என்ன, தண்ணி இறங்க இடம் வேணாமா, சில இடத்துல போன தண்ணியே திரும்ப மேல வருது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் போன பிறகும் அந்த ஏரியாவுல நாள்கணக்கா தண்ணி நின்னுச்சே, டிவில பாத்திருப்ப.

முன்னாடி இந்த தண்ணிய வாங்கி வச்சிக்க சதுப்பு நிலம் இருந்தது, 5,000 ஹெக்டேருக்கு மேலன்னு சொல்றாங்க, இப்ப அதுல கொஞ்சம்தான் மிச்சம். பெருங்குடி குப்பைமேடு, ஐடி கம்பெனி, அபார்ட்மெண்ட் எல்லாம் அது மேலதான் உக்காந்திருக்கு. 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல, சேத்தாங்க, இன்னும் முன்னாடியே செஞ்சிருக்கலாம். எங்க மாம்பலம் பக்கம் மட்டும் என்ன யோக்கியம், தி. நகரே 1920கள்ல ஏரிய தூத்து உருவாக்கின ஊர்தானே, லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு.

எனக்கு தோணுறது என்னன்னா, டிரெயின்னு சொல்றது நம்ம வாசல் தண்ணிய பள்ளத்துல இருக்குறவன் வாசலுக்கு சீக்கிரம் அனுப்புற வேலைதான், விழுந்த எடத்துலயே முடிஞ்ச அளவு புடிச்சு வச்சாதான் டிரெயினுக்கே மூச்சு விட நேரம் கிடைக்கும். கணக்கு போட்டு பாரு, ஆயிரம் சதுர அடி மொட்டை மாடில 10 சென்டிமீட்டர் மழை பேஞ்சா 9,300 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு லாரி தண்ணி! அத நவம்பர்ல தெருவுல விட்டுட்டு மே மாசம் காசு குடுத்து லாரி வரவழைக்கிறோம். 2019ல ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்ததும் இதே ஊருக்குத்தான்.

எங்க அபார்ட்மெண்ட்ல மொட்டை மாடி பைப்ப எல்லாம் ஒண்ணா சேத்து, ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டி வழியா பழைய கிணத்துல விட்டிருக்கோம், சீசனோட முதல் மழைய மட்டும் வெளிய விட்டுடுவோம், மாடில இருக்குற தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதுல போயிடும். ஆடி ஆவணியில மணல வெளிய எடுத்து அலசணும், அத செய்யலன்னா வண்டல் அடைச்சு தண்ணி உள்ள இறங்காது. 2003லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்து எல்லா வீட்லயும் தொட்டி கட்டுனாங்க, பாதி வீட்ல இப்ப அது மேல பூந்தொட்டி இருக்கு.

ஆனா எல்லா எடத்துக்கும் ஒரே குழி சரிப்படாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல்ல லேசா குழி வெட்டினாலே குடிச்சிடும், களிமண்ணா இருந்தா அது கதவ சாத்திக்கும், களிமண்ண தாண்டி கீழ மணல் இருக்குற ஆழம் வரைக்கும் துளை போட்டு ஜல்லி நிரப்பணும். அதுவும் நீ பாக்குற சதுப்பு ஓரத்துல மழைக்காலத்துல நிலத்தடி தண்ணி மேலயே நிக்கும், அங்க பூமிக்குள்ள விட எடமே இருக்காது, பெரிய சம்ப் கட்டி சேத்து வச்சு புழங்குறதுதான் ஒரே வழி. சம்ப் எத்தன லிட்டர்னு கேளு, பார்க்கிங் முழுக்க சிமெண்ட் போட்டு மூடியிருக்காங்களான்னும் பாரு.

இன்னொண்ணு, வில்லங்கம் மட்டும் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடாத. எஃப்எம்பி ஸ்கெட்ச், அதான் அந்த நிலத்தோட சர்வே வரைபடம், வாங்கி பக்கத்துல வாய்க்கால், ஏரி புறம்போக்கு ஏதாவது ஓடுதான்னு வக்கீல்கிட்ட காட்டு. ஏப்ரல்ல போனா எல்லா எடமும் காஞ்சு அழகாதான் இருக்கும், கார்த்திகையில ஒரு பெரிய மழைக்கு மறுநாள் போ, காம்பவுண்டு சுவத்துல கறை எந்த உசரத்துல இருக்குன்னு பாரு, வாட்ச்மேன விட தெருமுனை இஸ்திரிக்காரர்கிட்ட கேளு, அவருக்கு விக்கிறதுக்கு பிளாட் கிடையாது. நீ வர்றன்னா நானும் கூட வர்றேன், தேதி மட்டும் சொல்லு, பொண்ணு டியூஷன் இல்லாத நாளா பாத்து லீவு போடணும்.