கூடாரம் இல்லாமல் படுக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

வர்ஜீனியாவில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த சீடர் கிரீக் சண்டையை நடித்துக் காட்டப் போகிறாய், இரண்டு ராத்திரியும் கூடாரம் இல்லாமல் வெட்டவெளியில்தான் படுக்கை என்று சொன்னதிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி இல்லை. பெண் பிள்ளை இப்படியா என்கிறாள். ரொசெட்டா வேக்மன் என்ற பெண் அந்தப் போரில் ஆண் வேடத்தில் நியூயார்க் 153ஆம் படைப்பிரிவில் சேர்ந்ததையும், அவள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருப்பதையும் சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை. எனக்கு நீ போவதில் சந்தோஷம்தான். நானும் அப்படிப் படுத்து எழுந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இருக்கிற கம்பளியையெல்லாம் மேலே போர்த்திக்கொள்ளாதே, உடம்புச் சூட்டை அதிகமாக இழுப்பது தரைதான். வைக்கோல் கொடுத்தால் தாராளமாக வாங்கி, ஏறிப் படுத்தாலும் அமுங்கிப்போகாத அளவுக்குப் பரப்பு, அதன்மேல் ரப்பர் பூசிய விரிப்பு, அப்புறம் ஒரு கம்பளி. அந்தக் காலத்து யூனியன் படை, அதாவது வடபடைக் கம்பளி 7 அடி நீளம், 5 பவுண்டு எடை, ஆனாலும் அக்டோபர் ராத்திரிக்கு அது ஒன்று போதாது. அதனால்தான் அவர்கள் வரிசையாக ஒட்டிப் படுத்தார்கள், ஒருவன் குரல் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து புரள்வார்களாம். நீயும் உன் தோழியும் அப்படியே படுங்கள்.

பகல் வெயிலை நம்பி மேல்கோட்டைக் காரில் விட்டுவிடாதே. 1862 பிப்ரவரியில் டொனல்சன் கோட்டையை நோக்கி நடந்த யூனியன் தளபதி கிராண்ட்டின் வீரர்களில் நிறையப் பேர், இதமாக இருக்கிறதே என்று கோட்டு, கம்பளி எல்லாவற்றையும் வழியிலேயே வீசிவிட்டார்கள். மறுநாள் ராத்திரி பனி கொட்டியது, எதிரி பக்கத்தில் இருந்ததால் நெருப்பும் மூட்ட முடியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு பதறும்.

நீ போகிற இடத்தில் மூடுபனி சாதாரணம். 1864 அக்டோபர் 19 விடிகாலையில் தென்படை வந்ததே அதற்குள் மறைந்துதான், சத்தம் கேட்கக் கூடாதென்று தண்ணீர்க் குடுவைகளைக்கூட விட்டுவிட்டு ராத்திரி முழுக்க நடந்து, ஷெனண்டோவா ஆற்றில் இறங்கிக் கடந்து, தூங்கிக்கொண்டிருந்த யூனியன் முகாமில் பாய்ந்தார்கள். ஓடையோரப் பள்ளத்தில் படுக்காதே, குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும். கொஞ்சம் மேடாகப் பார். ஈரம் படாத சாக்ஸ் ஒரு ஜோடியைத் தூங்குவதற்கென்றே தனியாக வை. நெருப்பிலிருந்து தள்ளிப் படு, பருத்தித் துணி பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். காலையில் முழங்கால் மடிப்பு, கழுத்து, காது பின்புறம் எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார், லைம் நோய் அங்கே உண்டு.

காரில் ஒரு நல்ல ஸ்லீப்பிங் பேக் இருக்கட்டும். நடுக்கம் நிற்கவில்லையென்றால் யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் எழுந்து போய்விடு, தோழியையும் கூட்டிக்கொண்டு போ. விடிந்ததும் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடும்மா.

அன்புடன்,
அப்பா